சபையை விட்டவள் வீட்டையும் விட்டவளா? மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும் மூப்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குடியாத்தம் பக்கத்தில் உள்ள உங்கள் சபையில் வளர்ந்து, ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, பிறகு என் சொந்த முடிவின்படி வெளியேறியவள் நான். சபையின் பெயரையும் உங்கள் பெயர்களையும் இங்கே எழுதவில்லை. யாரைக் குறித்து எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். தனிப்பட்ட முறையில் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வராததாலும், பேரணாம்பட்டு தொடங்கி ஆற்காடு வரை என்னைப் போலவே வெவ்வேறு சபைகளை விட்டு வந்தவர்கள் இதே நிலையில் இருப்பதை அறிந்ததாலும் பொதுவில் எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். சபையை விட்டுப் போனவர்களோடு அவர்களைப் பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் ஐக்கியம் வைக்கக் கூடாது, பேசக் கூடாது, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று நீங்கள் விதித்திருக்கும் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி நான் கேட்கவில்லை.

சபை எங்கள் குடும்பத்துக்குச் செய்த நன்மையை மறைத்து எழுதினால் இந்த மடல் பொய்யாகிவிடும். நான் நைனா என்று அழைத்த என் அப்பா டேனரியில் தோலுக்குச் சுண்ணாம்பு போடும் வேலை செய்தவர். வாரக் கூலியின் பெரும்பகுதியைச் சாராயத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர், சபைக்கு வந்த பிறகு மரணம் வரை ஒரு சொட்டு குடிக்கவில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் அம்மா, சங்கீதப் புத்தகத்தை விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் வாசிக்கக் கற்றார். ஊருக்குள் 'அடி' என்றும் 'டேய்' என்றும் விளிக்கப்பட்ட மனிதர்களை, சுவரோரம் பாய் விரித்த அந்தச் சிறு கூடத்தில் 'சகோதரி' என்றும் 'ஐயா' என்றும் அழைத்தீர்கள். பீடி சுற்றும் பெண் எழுந்து நின்று தன் வாழ்க்கையைச் சாட்சியாகச் சொல்ல, தறிக்காரரும் வாத்தியாரும் அமர்ந்து கேட்டார்கள். அந்த மரியாதை எங்களுக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. அதனால்தான், விலகும்போது இழப்பதும் அவ்வளவு பெரிதாக இருக்கிறது.

விலகியவர்கள் எதை இழக்கிறார்கள் என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா என்று எனக்குத் தெரியவில்லை. உலக ஆசைக்காகப் போனார்கள், பின்மாறிப் போனார்கள் என்று மேடையில் சொல்லப்படுவதை நானும் கேட்டிருக்கிறேன். ஞாயிறு பள்ளியில் நானும் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நடப்பது வேறு. ஞாயிறு ஆராதனை, வெள்ளி உபவாச ஜெபம், மாதக் கடைசி முழு இரவு ஜெபம், புத்தாண்டு நள்ளிரவில் கையில் தரப்படும் வாக்குத்தத்த வசன அட்டை என்று எங்கள் நாட்களுக்கு முழு ஒழுங்கையும் சபையே கொடுத்திருந்தது. யாரோடு பழகுவது, யாரைத் திருமணம் செய்வது, எந்த நிறச் சேலை உடுத்துவது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் ஏற்கெனவே இருந்தது. அந்த ஒழுங்கிலிருந்து வெளியே வந்த ஒருத்திக்குச் சுதந்திரம் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சுதந்திரத்தோடு முதல் நாளில் கிடைப்பது, தான் யார் என்று தனக்கே சொல்லத் தெரியாத ஒரு வெறுமை.

காட்பாடியில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கி, ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், துணிக்கடைக்குப் போய் ஒரு சேலை எடுக்க முடியாமல் திரும்பியிருக்கிறேன். கடைக்காரப் பெண் சலிக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு, "உங்களுக்கு எந்த கலர் புடிக்கும்னு சொல்லுங்கக்கா" என்று கேட்டார். எனக்கு எது பிடிக்கும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. வெள்ளையும் சாம்பலும் தவிர எல்லாமே என் உடம்புக்குச் சம்பந்தமில்லாதவையாகத் தெரிந்தன.

பிறகு காது குத்திக்கொண்டேன். வேலூர் லாங்கு பஜார் பக்கத்து நகைக்கடையில், மொட்டைத் தலையோடு மாமன் மடியில் உட்கார்ந்து அழுகிற இரண்டு குழந்தைகளுக்கு நடுவே, முப்பது வயதை நெருங்கிய பெண் ஒருத்தி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஆசாரி என் காது மடலில் பேனாவால் புள்ளி வைத்து, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். காரணம் எதையும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது கோட்டை மதில் கண்ணில் பட்டது. 1806 ஜூலை 10 அன்று அந்தக் கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்கு, நெற்றிக் குறியும் தாடியும் காதுக் கம்மலும் கூடாது, புதிய தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்ற ஆணையும் ஒரு முக்கியக் காரணம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஒரு மனிதரின் காதிலும் நெற்றியிலும் கை வைப்பது சிறிய காரியம் அல்ல என்பது இந்த ஊருக்குப் பழைய பாடம். கம்மல் போடாதே என்று நீங்கள் சொன்னபோது எளிமையை மட்டும்தான் கற்பித்ததாக நினைத்திருப்பீர்கள். எங்கள் உடம்பைப் பற்றிய முடிவு எங்களுடையது அல்ல என்பதையும் சேர்த்தே நாங்கள் கற்றோம்.

ஆனால் கம்மல் போட்டதால் நான் யாரென்று எனக்கு விளங்கிவிடவில்லை. நீங்கள் வேண்டாம் என்றதையெல்லாம் வரிசையாகச் செய்துகொண்டே போனேன்: பூ வைத்தேன், படம் பார்த்தேன், கலர் சேலை கட்டினேன். ஒரு கட்டத்தில், இன்னும் உங்கள் பட்டியலை வைத்துக்கொண்டுதான் வாழ்கிறேன், அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்பது புரிந்தது. சபையை விட்டு வந்த பலர் இந்த இடத்தில்தான் நீண்ட காலம் நிற்கிறார்கள். எனக்கு உண்மையில் பூ வைத்துக்கொள்வதில் விருப்பமில்லை, அந்த வாசனை தலைவலி தருகிறது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆனது. பூ வைக்காமல் இருந்தால் நீங்கள் வென்றுவிட்டதாக ஆகும் என்று மனம் முரண்டு பிடித்தது. இன்று பூ வைப்பதில்லை, கம்மல் போடுகிறேன், உங்களிடம் கற்ற கீர்த்தனைகளைச் சமையல் செய்யும்போது பாடுகிறேன். இவற்றில் எது சபைக்கு ஏற்றது, எது எதிரானது என்று இப்போது பார்ப்பதில்லை.

குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு திருவிழா நடக்கும்போது, சிறுவயதில் நாங்கள் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளே ஜெபத்தில் இருப்போம். பம்பைச் சத்தம் கேட்டால் பிசாசு வருகிறது என்று நடுங்குவேன். விலகிய பிறகு ஒரு வைகாசியில் கூட்டத்தின் ஓரத்தில் நின்று அந்த ஊர்வலத்தைப் பார்த்தேன். தெருவெங்கும் சிதறு தேங்காய், அதைப் பொறுக்கப் பாய்கிற பிள்ளைகள், வெயிலுக்கு நீர்மோர் ஊற்றுகிற முஸ்லிம் பெரியவர், சிரசைப் பார்த்ததும் கண்ணீர் விடுகிற கிழவிகள். பரிசுத்த ஆவிக்காகக் காத்திருந்து ஜெபிக்கும் காத்திருப்புக் கூட்டத்தில் என் அம்மா விடுகிற அதே கண்ணீர்தான் அது என்று எனக்குப் பட்டது. அம்மன்மேல் எனக்குப் பக்தி வரவில்லை. என் ஊர் மக்களைப் பார்த்து இருபத்தைந்து ஆண்டுகள் பயந்திருக்கிறேன் என்ற துக்கம்தான் வந்தது.

பயத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இயேசுவின் இரகசிய வருகையில் பரிசுத்தவான்கள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள் என்று சிறு பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கிறோம். பள்ளி விட்டு வந்து வீட்டில் யாரும் இல்லாவிட்டால், அடுப்பில் பாத்திரம் சூடாக இருக்க ஆள் மட்டும் இல்லாவிட்டால், எல்லாரும் போய்விட்டார்கள், நான் மட்டும் விடப்பட்டேன் என்று கதறியபடி பக்கத்துத் தெருவுக்கு ஓடியிருக்கிறேன். அம்மா தண்ணீர்க் குழாயடியிலிருந்து குடத்தோடு வருவார். விசுவாசத்தை விட்டு வந்து ஆண்டுகள் ஆன பின்னும், விடுதியில் விளக்கு அணைந்து சத்தமெல்லாம் அடங்கினால் அந்தப் பயம் முதுகில் ஏறும். சபையை விட்டு வந்தவளுக்கு வீட்டார் யாரும் போன் எடுக்காதபோது, அந்தக் குழந்தைப் பயம் உண்மையிலேயே நடந்தேறிவிடுகிறது. உங்கள் கட்டுப்பாடு எங்கே போய்க் குத்துகிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெயரிலும் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. பிறந்தபோது பாட்டி வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழில் இருக்கிறது. ஞானஸ்நானத்தில் நீங்கள் கொடுத்த பெயரில்தான் எல்லாரும் அழைத்தார்கள். விலகிய பின் எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பது? அரசிதழில் அறிவிப்பு கொடுத்து மூன்றாவதாக ஒரு பெயரே வைத்துக்கொள்ளலாம் என்று தோழி யோசனை சொல்ல, விண்ணப்பப் படிவத்தைப் பாதிவரை நிரப்பியும் விட்டேன். 'பெயர் மாற்றத்துக்கான காரணம்' என்று அதில் கேட்டிருந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. இப்போது அலுவலகத்தில் பாட்டி வைத்த பெயரும், அக்கா மனத்துக்குள் என்னை அழைக்கும்போது நீங்கள் வைத்த பெயருமாக, இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியே வந்தவர்களை வரவேற்கப் பலர் காத்திருக்கிறார்கள் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். இன்னொரு சபையார் வந்து, பழைய சபையின் தவறான உபதேசத்தைப் பற்றி எங்கள் மேடையில் சாட்சி சொல் என்றார்கள். தாய்மதம் திரும்பு என்று சிலர் வந்தார்கள். கடவுள் மறுப்பு நண்பர்கள் அன்போடுதான் வந்தார்கள். அவர்களும் ஒலிவாங்கியைத்தான் நீட்டினார்கள். எல்லாருக்கும் என் கதை தேவைப்பட்டது, நான் தேவைப்படவில்லை. 2019 பிப்ரவரியில் திருப்பத்தூரில் வழக்கறிஞர் சிநேகா, சாதியும் மதமும் அற்றவர் என்று வட்டாட்சியரிடம் சான்றிதழ் பெற்றார். திருப்பத்தூர் அப்போது நம் வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அவர் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற அந்தத் தாளுக்குப் பெரும் மரியாதை செலுத்துகிறேன், நீயும் வாங்கு என்று சொன்னவர்களின் நல்லெண்ணத்தையும் மதிக்கிறேன். ஆனால் அவரைச் சாதியும் மதமும் இல்லாமலேயே பெற்றோர் வளர்த்தார்கள். என்னை வளர்த்தது நீங்கள். எனக்குள் இருப்பதை அற்றுப் போனது என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது.

அதனால்தான் குடும்பம் வேண்டும் என்கிறேன். தன்னைத் திரும்பக் கட்டியெழுப்புகிற ஒருத்திக்குப் பழைய நாட்களை அறிந்த மனிதர்கள் வேண்டும். நான் எந்த வயதில் நடந்தேன், எதைக் கண்டு சிரித்தேன், சபைக்கு வருவதற்கு முன் நம் வீட்டில் எந்தப் பண்டிகை கொண்டாடினோம், பாட்டி எந்தத் தாலாட்டைப் பாடினார் என்பதெல்லாம் அம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டுமே தெரியும். அவர்களுடைய வாயைக் கட்டிவிட்டு, நீ யார் என்று கண்டுபிடித்துக்கொள் என்று ஒரு பெண்ணைத் தெருவில் விடுவது, வேரை வெட்டிவிட்டுச் செடியை வேறிடத்தில் நடச் சொல்வதற்குச் சமம்.

இனி உரிமையைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் உறுப்பினர் பதிவேட்டிலிருந்து என் பெயரை நீக்க உங்களுக்கு உரிமை உண்டு. திருவிருந்தில் எனக்கு அப்பத்தை மறுக்கவும் உரிமை உண்டு. அரசமைப்பின் 26ஆம் பிரிவு மத அமைப்புகளுக்குத் தங்கள் மத காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. ஒருவரைத் தன் மதச் சமூகத்திலிருந்து விலக்கி வைப்பதைத் தடை செய்த பம்பாய்ச் சட்டத்தை, தாவூதி போரா என்ற முஸ்லிம் சமூகத்தின் தலைவர் தொடுத்த வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற கேள்வி 2023இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராக 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எனினும் நீதிமன்றத்துக்குப் போவது என் நோக்கமல்ல. நான் கேட்பது உங்கள் கூடத்துக்குள் நடப்பதைப் பற்றியல்ல; என் அம்மாவின் சமையலறையில் யார் சாப்பிடலாம் என்பதை முடிவு செய்வது எந்த உபதேசத்தில் அடங்கும் என்பதைப் பற்றி.

தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும், தங்கள் விசுவாசத்தின்படி பாட மறுத்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட கேரளப் பிள்ளைகளை, 1986இல் உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நம் பிள்ளைகளைப் பள்ளியின் சரஸ்வதி பூஜைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தலைமையாசிரியருக்கு எழுதிய கடிதத்தில் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டினோம்; அதைத் தட்டச்சு செய்தவள் நான். அந்தப் பிள்ளைகளுக்கு நாம் கேட்ட மனச்சாட்சிச் சுதந்திரம் 25ஆம் பிரிவில் எல்லாருக்கும் பொதுவாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. சபைக்குள் வர எனக்கு இருந்த மனச்சாட்சி, வெளியே போகவும் என்னிடமே இருந்தது.

நம் தாத்தாக்களின் கதையை நினைத்துப் பாருங்கள். கிறிஸ்தவர்களானதற்காக ஊர்க் கிணற்றில் தண்ணீர் மறுக்கப்பட்டதையும், சொந்த அண்ணன் தம்பிகள் சாவுக்கு வராமல் நின்றதையும் ஆண்டுக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் சாட்சியாகச் சொல்கிறோம், அழுகிறோம். மதத்தை விட்டவரும் மதத்திலிருந்து விலக்கப்பட்டவரும் சாதி நீக்கப்பட்டவரும் சொத்துரிமையை இழக்கக் கூடாது என்று 1850இல் ஆங்கிலேய அரசு சட்டம் கொண்டுவந்தபோது, புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு அது பெரும் பாதுகாப்பாக இருந்தது. நமக்குச் செய்யப்பட்டது அநியாயம் என்றால், அதையே விலகுகிறவர்களுக்குச் செய்வதை எப்படி நியாயம் என்பது?

வேதத்தைக் காட்டித்தான் நீங்கள் பதில் சொல்வீர்கள். சபைக்குச் செவிகொடாதவன் உனக்கு ஆயக்காரனைப் போல, அதாவது வரி வசூலிப்பவனைப் போல, இருக்கட்டும் என்ற வசனம் மத்தேயுவில் இருக்கிறது. அந்த மத்தேயுவே ஆயக்காரர், அவர் வீட்டுப் பந்தியில் இயேசு உட்கார்ந்து சாப்பிட்டார். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி அவர்களைக் கைவிடுகிறவர்களை, மாற்குவின் ஏழாம் அதிகாரத்தில் அவர் கடிந்துகொள்கிறார். சொந்த வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். இவை உங்களிடமிருந்து நான் மனப்பாடம் செய்தவை.

நைனா இறந்தபோது அடக்க ஆராதனையில் என்னை வாசலுக்கு வெளியே நிறுத்தினீர்கள். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் மண் போட்டு முடித்து நகர்ந்த பிறகு, குழி வெட்டிய ஆள்தான், "நீ போடும்மா" என்று மண்வெட்டியை ஒதுக்கி வழிவிட்டார். அதற்காக உங்களைத் திட்ட நான் வரவில்லை. அது முடிந்துபோனது. இன்னும் முடியாமல் இருப்பது அம்மாவின் உடல்நிலை.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். வலது பாதத்தில் புண் வந்து ஆறாமல் இருப்பதாகவும், எண்ணெய் பூசி ஜெபிப்பதாகவும், மாத்திரை எடுப்பது அவிசுவாசம் என்று மறுப்பதாகவும் பால்காரர் மூலம் எனக்குத் தெரிய வந்திருக்கிறது. நான் வேலை செய்யும் ராணிப்பேட்டையில்தான் 1870இல் ஐடா ஸ்கடர் பிறந்தார். ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் ஒரே இரவில் மூன்று இளம் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைத் திண்டிவனத்தில் கண்ட அவர், அதையே தேவ அழைப்பாக ஏற்று மருத்துவம் படித்து, 1900இல் வேலூரில் ஒரே படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் திறந்தார். அவர் ஜெபத்தை விடவில்லை, மருந்தையும் விடவில்லை. அவர் தொடங்கிய அந்த மருத்துவமனையிலிருந்து பேருந்தில் போகக்கூடிய தூரத்தில் என் அம்மா காலை இழக்கக் கூடாது. சர்க்கரைப் புண்ணில் உணர்ச்சி மரத்துப் போவதால் பல நேரம் வலி தெரியாது. வலி இல்லை என்பதை அற்புதம் என்று அறிவித்துவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கிருமி எலும்புவரை போன பிறகு வெட்டி எடுப்பதைத் தவிர மருத்துவர்களுக்கும் வழி இல்லாமல் போகலாம்.

வருகிற ஞாயிறு ஆராதனையின் முடிவில், விலகியவர்களோடு குடும்பத்தார் பேசலாம், பழகலாம், அதற்காக யாரும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாக மாட்டார்கள் என்று ஒரு அறிவிப்பு கொடுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. நீங்கள் அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும், திங்கட்கிழமை காலை அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக ஆட்டோவோடு வீட்டுக்கு வருகிறேன். வர மாட்டேன் என்று அம்மா தன் வாயால் சொன்னால் திரும்பிப் போய், அடுத்த திங்கள் மறுபடி வருவேன். அதை அவர் உங்களுக்குப் பயந்து சொல்ல வேண்டிய நிலை மட்டும் இருக்கக் கூடாது. வாசலில் மூப்பர் யாரையும் நிறுத்தாதீர்கள். அக்காவும் கூட வரட்டும். புண் கழுவும்போது பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிறு பள்ளியில் படித்து, அங்கேயே பாடம் சொல்லிக் கொடுத்தவள்,
காட்பாடி.